பழைய பேப்பர், பழைய பாட்டில்ல செஞ்ச இன்சுலேஷன் வீட்டுல போடப் போறீங்களா? தீ விஷயத்த முதல்ல பாத்துடுங்க

மேற்கு வெயில் நேரா அடிக்கிற ரூம், கடைசி மாடி வீடு, ஓடு போட்ட பழைய டெரஸ் வீடு (வரிசை வீடு), இல்லன்னா புள்ள மிருதங்கம் பழகுற ரூம், சிங்கப்பூர்ல ஒருத்தர் இன்சுலேஷன் தேடறாருன்னா அனேகமா இதுல ஒண்ணுதான் காரணமா இருக்கும். குளிருக்காக இங்க யாரும் சுவருக்குள்ள பஞ்சு அடைக்கறதில்ல, சூட்டுக்கும் சத்தத்துக்கும்தான் போடறோம். இப்போ ரெனோவேஷன் பண்றவங்க நிறைய பேர் ரீசைக்கிள் பண்ண பொருளாவே வாங்கறாங்க, பிளாஸ்டிக் பாட்டில உருக்கி நூலாக்கி செஞ்ச ஃபெல்ட் பேனல், பழைய நியூஸ்பேப்பர அரைச்ச செல்லுலோஸ், பழைய ஜீன்ஸ் துணிய பிச்சு செஞ்ச மெத்த, உடைஞ்ச கண்ணாடியில செஞ்ச கிளாஸ் வூல், சோபா கடை ஸ்பான்ஜ் துண்டெல்லாம் சேத்து ஒட்டின ஃபோம்னு எல்லாம் கெடைக்குது. குப்பைக்கு போறத திரும்ப உபயோகிக்கறது நல்ல விஷயம், அதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல, நானும் அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஆனா பேப்பர் பேப்பர்தான், துணி துணிதான். ஃபேக்டரியில தீயத் தடுக்கற மருந்து கலந்து, டெஸ்ட் பண்ணி, அதுக்கு ஒரு ரிப்போர்ட் கையில இருக்கற வரைக்கும்தான் அத இன்சுலேஷன்னு சொல்லணும், அது இல்லன்னா நம்ம தலைக்கு மேல எரியற பொருள அடுக்கி வெச்சிருக்கோம்னுதான் அர்த்தம். இன்னொண்ணு, இன்சுலேஷன் தானா பத்திக்காது, பக்கத்துல இருக்கற ஏதோ ஒரு சூடுதான் அத பத்த வைக்கும். அதனால என்ன பொருள் வாங்கறீங்கங்கறத விட அத எங்க வைக்கறீங்கங்கறது பெரிய விஷயம், இந்த ரெண்டையும்தான் கீழ விலாவாரியா எழுதியிருக்கேன்.

எந்தப் பொருள் எப்படி எரியும்

முதல்ல பேப்பர். செல்லுலோஸ் இன்சுலேஷன்ல போராக்ஸும் போரிக் ஆசிடும் கலப்பாங்க, மொத்த எடையில ஏறக்குறைய 15லேருந்து 20 சதவீதம் வரைக்கும் அந்த மருந்தே இருக்கும். போராக்ஸ் தீ நாக்கு பரவறத தடுக்கும், போரிக் ஆசிட் உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டே போறத தடுக்கும், ரெண்டும் சரியான அளவுல இருந்தாதான் வேல செய்யும். இந்த உள்ளுக்குள்ள புகையறதுதான் பேப்பர்லயும் பருத்தித் துணியிலயும் இருக்கற நிஜமான ஆபத்து. ஊதுபத்தி மாதிரி, தீயே இருக்காது, ஓரத்துல ஒரு செவப்புக் கோடு மெல்ல நகர்ந்து போயிட்டே இருக்கும், பின்னாடி கருப்பா சாம்பல் விட்டுட்டு போகும், சீலிங்குக்கு மேல அது மணிக்கணக்கா நடந்தாலும் கீழ டிவி பாத்துட்டு இருக்கறவங்களுக்கு தெரியாது. அந்த நேரத்துல கார்பன் மோனாக்சைடு வந்துட்டே இருக்கும், அதுக்கு நிறமும் கெடையாது வாசனையும் கெடையாது. எங்கயோ ஒரு எடத்துல காத்து கெடைச்சதும் அது திடீர்னு தீயா மாறும்.

சில மலிவான செல்லுலோஸ்ல போரேட்டுக்கு (மேல சொன்ன போராக்ஸ், போரிக் ஆசிட் வகைக்கு) பதிலா அமோனியம் சல்ஃபேட் போடறாங்க. அதுவும் தீய தடுக்கும்தான், ஆனா ஈரம் பட்டா அமோனியா வாசன வரும், செம்புப் பைப்பையும் இரும்பு ஆணியையும் அரிக்கும். நம்ம ஊரு ஈரக்காத்துல, அதுவும் ஏர்கான் செம்பு பைப் ஓடற சீலிங்ல, அது வேண்டவே வேண்டாம்னுதான் நான் சொல்வேன். வாங்கறப்போ மருந்து என்னன்னு கேளுங்க, போரேட் மட்டும்தான்னு எழுதிக் குடுக்கறவங்ககிட்ட வாங்குங்க. போரேட்டுக்கும் ஒரு பலவீனம் இருக்கு, தண்ணியில கரையும். மேல் வீட்டு பாத்ரூம்லேருந்து கசிஞ்சாலோ, ஏர்கான் டிரெயின் பைப் அடைச்சு தண்ணி சொட்டினாலோ, நனைஞ்ச எடத்துல மருந்து கரைஞ்சு எறங்கிடும், காஞ்சப்பறம் பாக்க பழையபடியே இருக்கும் ஆனா அந்த எடத்துல மருந்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நனைஞ்சத எடுத்துப் போட்டுட்டு புதுசு வைக்கணும், காய வெச்சு அங்கயே விடாதீங்க.

ஜீன்ஸ் துணி மெத்தையும் இதே கதைதான், அதுவும் பருத்தி, அதுலயும் போரேட்தான் தடவறாங்க, மேல சொன்னதெல்லாம் அதுக்கும் பொருந்தும்.

அடுத்து பாட்டில்ல செஞ்ச பாலியஸ்டர் பேனல், இப்போ ரொம்ப பேர் வாங்கறது இதுதான், ஹெக்சகன் வடிவத்துல கலர் கலரா வரும், பின்னாடி ஒட்டற டேப்போட. இது பேப்பர் போல உள்ளுக்குள்ள புகையாது, ஏறக்குறைய 250 டிகிரி தாண்டினா உருகும், தீ பக்கத்துல வந்தா முதல்ல சுருங்கி விலகும். கேக்க நல்லாத்தான் இருக்கு. பிரச்சன என்னன்னா உருகினது சொட்டும், மருந்து இல்லாததா இருந்தா எரிஞ்சுகிட்டே சொட்டும், அந்த சொட்டு கீழ இருக்கற மெத்தை மேலயோ சோபா மேலயோ விழுந்தா தீ எடம் மாறிடும். சுவர்ல ஒட்டறத விட சீலிங்ல ஒட்டறது ஆபத்து ஜாஸ்தி, அதுவும் கட்டிலுக்கு நேரா மேல. இதுக்கும் மருந்து போட்டது போடாதது ரெண்டும் விக்கறாங்க, பாக்க ஒரே போலத்தான் இருக்கும், விலையில கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். சிலதுல மருந்து மேலாக்க தெளிச்சிருப்பாங்க, அத ஈரத் துணியால தொடச்சு தொடச்சு எடுத்தா நாளடைவுல போயிடும், வேக்கும் பண்றதே நல்லது.

ஸ்பான்ஜ் ஃபோம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், வேண்டாம். பாலியூரித்தேன் ஃபோம் வேகமா எரியும், எரிஞ்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும், சின்ன எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) பெட்ரூம்ல அந்தப் புகை நெறையறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. பழைய ஃபோம அரைச்சு ஒட்டினதுல எந்த சோபாவோட எந்த மருந்து கலந்திருக்குன்னு விக்கறவருக்கே தெரியாது. பழைய தெர்மோகோலும் அப்படித்தான், 100 டிகிரி கிட்டயே சுருங்கிடும், பழைய தெர்மோகோல்ல போட்ட ஹெச்பிசிடிங்கற தீத்தடுப்பு மருந்து 2013லேயே ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல தடைப் பட்டியலுக்கு போயிடுச்சு. அந்தக் காலத்து பெட்டியிலேருந்து எடுத்தத வீட்டு சுவர்ல ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

நிம்மதியா வைக்கக்கூடியது கிளாஸ் வூலும் ராக் வூலும் (பாறைய உருக்கி இழுத்த பஞ்சு) தான். கிளாஸ் வூல்ல பழைய கண்ணாடி நெறைய சேப்பாங்க, ராக் வூல்ல இரும்பு ஆலைக் கசடு சேர்ற வகையும் இருக்கு, அதனால இதுவும் ரீசைக்கிள் பொருள்தான், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. நார் எரியாது, அத ஒட்டி வெச்சிருக்கற பசை மட்டும் சூட்டுல கருகும், ராக் வூல் 1000 டிகிரி வரைக்கும் தாங்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, கிளாஸ் வூல் ஒரு பக்கம் பிரவுன் பேப்பர் ஒட்டி வந்தா அந்தப் பேப்பர் எரியும், அத தெறந்தாப்புல விடக்கூடாது. கை அரிக்கும்ங்கறதுக்காக இத ஒதுக்கிட்டு பேப்பருக்கு போறவங்கள பாத்திருக்கேன், கையுறையும் மாஸ்க்கும் போட்டா அந்தப் பிரச்சன முடிஞ்சுது. எனக்கு கேட்டா சீலிங்குக்குள்ள இதுதான், சுவர்ல சத்தத்துக்காக ஒட்டறதுக்கு மருந்து போட்ட பாலியஸ்டர்.

வீட்டுலயே செய்யறவங்களுக்கு

முட்ட அட்டை. தயவுசெஞ்சு வேண்டாம். புள்ளைக்கு டிரம்ஸ், தபேலா, உறுமி எதுவா இருந்தாலும் சுவர் முழுக்க முட்ட அட்டைய ஒட்டறத இன்னும் சில வீட்டுல பாக்கறேன். அது மருந்தே இல்லாத பழைய பேப்பர் கூழு, மெல்லிசு, குழி குழியா ரெண்டு பக்கமும் காத்து, ஒரு அட்டையில பத்திக்கிச்சுன்னா சுவர் முழுக்க ஏற கொஞ்ச நேரம் போதும். இத்தனைக்கும் அது பக்கத்து வீட்டுக்கு போற சத்தத்த தடுக்கறதே இல்ல, ரூமுக்குள்ள எதிரொலி கொஞ்சம் கொறையும் அவ்வளவுதான், மிருதங்கத்தோட கனமான இடது பக்க (தொப்பி) சத்தம் அப்படியே கீழ் வீட்டுக்கு போகும். கீழ கனமா ஒரு ரக் விரிச்சு, கதவு இடுக்க ரப்பர் வெச்சு அடைச்சு, சுவரோரமா ஒரு புத்தக அலமாரி வெச்சா அதவிட பலன் கெடைக்கும்.

பழைய பொடவையையும் பெட்ஷீட்டையும் மூட்டையா கட்டி சீலிங் இடுக்குல திணிக்கறதும் கூடாது. வீடியோவ பாத்துட்டு போராக்ஸ் தண்ணியில முக்கி காய வெச்சு வைக்கலாமான்னு கேக்கறாங்க. ஃபேக்டரியில எடை போட்டு, ஒரே அளவா கலந்து, ஒவ்வொரு முறையும் எரிச்சுப் பாத்து செய்யறத நம்ம பாத்ரூம் வாளியில செய்ய முடியாது, ஒரு மடிப்புல ஏறியிருக்கும் இன்னொரு மடிப்புல ஏறியிருக்காது, ஏறாத மடிப்புதான் எரியும். அதோட அந்தத் தூள் ரூம்ல பறந்தா சின்னப் புள்ளைங்களுக்கும் நல்லதில்ல.

லேபிள எப்படி பாக்கறது

ஃபயர்ப்ரூஃப்னு ஆன்லைன்ல எழுதியிருந்தா அதுக்கு எந்த மதிப்பும் இல்ல, யாரு வேணும்னாலும் எழுதலாம். எந்த டெஸ்ட், என்ன ரிசல்ட், எந்த லேப், எந்த தேதின்னு நாலும் வேணும். சிங்கப்பூர்ல ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கறது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பிஎஸ் 476. அதுல பார்ட் 4 எரியாத பொருளான்னு பாக்கறது, பார்ட் 6 சூட்ட எவ்வளவு கூட்டுதுன்னு பாக்கறது, பார்ட் 7 மேற்பரப்புல தீ எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாக்கறது, பார்ட் 7ல கிளாஸ் 1 நல்லது, கிளாஸ் 4 மோசம். கிளாஸ் 0ன்னு சொன்னா பார்ட் 7ல கிளாஸ் 1 வாங்கி, பார்ட் 6லயும் வரம்புக்குள்ள வந்ததுன்னு அர்த்தம். கிளாஸ் 0ன்னா எரியவே எரியாதுன்னு நெனைச்சுக்காதீங்க, பார்ட் 4 பாஸ் ஆனதுதான் எரியாதது.

ஐரோப்பாவுலேருந்து வர்றதுல ஈஎன் 13501-1 இருக்கும். ஏ1, ஏ2, பி, சி, டி, ஈ, எஃப்னு எறங்கிட்டே வரும், ஏ1 எரியாது, எஃப்னா ஒண்ணு டெஸ்ட்டே பண்ணலன்னு அர்த்தம் இல்லன்னா ஈ கூட வாங்கலன்னு அர்த்தம். கூடவே எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு புகைக்கும், டி0, டி1, டி2ன்னு எரிஞ்சு சொட்டறதுக்கும் தனித்தனி மார்க் இருக்கும். டி0ன்னா டெஸ்ட்ல 10 நிமிஷம் வரைக்கும் எரியற சொட்டு விழலன்னு அர்த்தம். பாலியஸ்டர் பேனல் வாங்கறவங்க பி, எஸ்1, டி0 இந்த மூணும் சேந்து இருக்கறதா பாத்து எடுங்க, கட்டிலுக்கு மேல வைக்கறதா இருந்தா டி0 இல்லாம வாங்கவே வாங்காதீங்க. அமெரிக்க சரக்குன்னா ஏஎஸ்டிஎம் ஈ84 கிளாஸ் ஏ, அதுல தீ பரவற எண் 25க்குள்ளயும் புகை எண் 450க்குள்ளயும் இருக்கணும். சீனாவுலேருந்து வர்றதுல பி1ன்னு போட்டிருக்கும், அது அவங்க ஜிபி 8624 ஸ்டாண்டர்ட், அதுல ஏ கிளாஸுக்கு அடுத்தது பி1, ஆனா பி1ன்னு மட்டும் எழுதிட்டு ரிப்போர்ட் காட்டலன்னா கணக்குல எடுக்காதீங்க. யூஎல் 94ன்னு காட்டினா அது சின்ன பிளாஸ்டிக் பார்ட்டுக்கான டெஸ்ட், சுவர் பேனலுக்கு அது பத்தாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு விஷயத்த நிதானமா ஒப்பிட்டுப் பாருங்க. டெஸ்ட் பண்ணது 9 மிமீ தடிமன்னா நீங்க வாங்கறதும் 9 மிமீயான்னு பாக்கணும், 25 மிமீ வேற மாதிரி எரியும். கிலோ கணக்குல அடர்த்தி போட்டிருக்கும், அதுவும் ஒத்துப்போகணும். ஜிப்சம் போர்டு மேல ஒட்டி டெஸ்ட் பண்ணியிருந்தா நீங்க பிளைவுட் மேல ஒட்டினா அந்த ரிசல்ட் உங்களுக்கு பொருந்தாது. ரீசைக்கிள் பொருள்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா போன வருஷம் உள்ள போன பாட்டிலும் பேப்பரும் வேற, இந்த வருஷம் போறது வேற, அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு விக்கறவர்கிட்ட, அண்ணே புதுசா டெஸ்ட் பண்ணது இருக்கான்னு தைரியமா கேக்கலாம். நல்ல கடைக்காரர் கோவப்பட மாட்டார், பிடிஎஃப் அனுப்புவார்.

இங்க எஸ்சிடிஎஃப் (சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை) கட்டடத் தீப் பாதுகாப்புப் பொருள்களுக்கு ஒரு பட்டியல் முறை வெச்சிருக்காங்க, அந்த வகைக்குள்ள வர்ற பொருளுக்கு அங்கீகாரம் வாங்கின சான்றிதழ் அமைப்பு சர்ட்டிஃபிகேட் ஆஃப் கன்ஃபார்மிட்டி குடுத்திருக்கும், அது இருக்கான்னும் கேளுங்க. உங்க வீட்டு பெட்ரூம் பேனல யாரும் வீடு வீடா வந்து செக் பண்ணப் போறதில்ல, அதனாலதான் வாங்கறப்பவே நீங்க பாக்கணும்ங்கறேன். 2017 மே மாசம் தோ குவான் ரோட்ல ஒரு கட்டடத்துல தீப் பிடிச்சு ஒரு அம்மா செத்துப் போனாங்க, வெளிச்சுவர்ல ஒட்டின பேனல் இருக்க வேண்டிய தரத்துல இல்லன்னு அப்பறம் தெரிய வந்துச்சு. அடுத்த மாசமே லண்டன்ல கிரென்ஃபெல் டவர், 72 உயிர். ரெண்டும் ரீசைக்கிள் பொருள் இல்ல, ஆனா சுவர்ல ஒட்டறது என்னன்னு சரியா பாக்கலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

ஒட்டறதுக்கு முன்னாடி வீட்ட ஒரு சுத்து சுத்துங்க

டௌன்லைட்லேருந்து ஆரம்பிங்க. ஃபால்ஸ் சீலிங்ல இருக்கற லைட்டுக்கு மேல இன்சுலேஷன் விரிச்சா சூடு போக வழி இல்லாம போயிடும். பழைய 50 வாட் ஹாலஜனா இருந்தா பல்போட மேல்பக்கம் 200 டிகிரிய தாண்டும், காஞ்ச பேப்பர் கருகறதுக்கு அதுவே போதும், அத முதல்ல கழட்டி எல்ஈடிக்கு மாத்துங்க. எல்ஈடி அவ்வளவு சூடாகாதுன்னு அதுக்கும் மேல மூடிடாதீங்க, லைட்டோட ஒயர்ல ஒரு சின்ன வெள்ளப் பெட்டி தொங்கும், டிரைவர், அது சூடாகும், மூடினா சீக்கிரம் கெட்டுப் போகும், கெடறப்போ சில நேரம் பத்திக்கும். லைட்ட சுத்தி குறைஞ்சது 75 மிமீ எடம் விடுங்க, டிரைவர இன்சுலேஷனுக்கு மேல எடுத்து வைக்கச் சொல்லுங்க. லைட் பெட்டியிலயே இன்சுலேஷனால மூடக்கூடாதுன்னு ஒரு குறி இருக்கும், படம் போட்டு மேல குறுக்க கோடு அடிச்சிருக்கும், பலேஸ்டியர் ரோடு லைட் கடையில வாங்கறப்பவே அந்தப் பெட்டிய திருப்பிப் பாருங்க. அள்ளிக் கொட்டற செல்லுலோஸா இருந்தா காத்துல நகர்ந்து லைட் மேல வந்துடும், அதுக்கு லைட்ட சுத்தி உலோக மூடி வைக்காம கொட்டக் கூடாது.

இது நடக்காத விஷயம் இல்ல. ஆஸ்திரேலியாவுல 2009ல அரசாங்கமே காசு குடுத்து வீட்டுக் கூரைக்கெல்லாம் இன்சுலேஷன் போட வெச்சாங்க, அவசர அவசரமா பழக்கம் இல்லாத ஆளுங்கள எறக்கினாங்க, அதுல 200க்கும் மேல வீடுகள்ல தீப் பிடிச்சுது, லைட்டுக்கு மேல மூடினது அதுல ஒரு பெரிய காரணம். வேலை செஞ்ச 4 இளைஞர்கள் செத்துப் போனாங்க, 3 பேர் கரண்ட் ஷாக்ல, ஒருத்தர் கூரைக்குள்ள இருந்த வெக்கையில. அலுமினிய ஃபாயில கூரையில பிடிக்கறதுக்கு மெட்டல் ஸ்டேபிள் அடிக்கறப்போ அது ஒயருக்குள்ள ஏறி ஃபாயில் முழுக்க கரண்ட் பாஞ்ச கேஸும் அதுல இருக்கு. 2010 பிப்ரவரியில அந்தத் திட்டத்தையே நிறுத்திட்டாங்க. இங்க டெரஸ் வீட்டுக் கூரைக்கு ஃபாயில் வெச்ச பபிள் ஷீட் நிறைய போடறாங்க, அத போடறப்போ மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணாம ஒரு ஆளையும் மேல ஏத்தாதீங்க. அந்த பபிள் பாலித்தீன், எரியும், அதுக்கும் ரிப்போர்ட் கேளுங்க.

அடுத்து ஒயர். நம்ம வீட்டு ஒயர் மேல இருக்கற பிவிசி 70 டிகிரிக்குதான் தாங்கும். இன்சுலேஷனுக்குள்ள அர மீட்டருக்கு மேல ஒயர் முழுக்க புதைஞ்சா அது தாங்கற கரண்ட பாதியா கணக்கு போடணும்னு பிரிட்டிஷ் ஒயரிங் விதி சொல்லுது. ஏர்கான், வாட்டர் ஹீட்டர், அடுப்புக்கு போற ஒயர் சீலிங்ல ஓடினா அத புதைக்காம மேல தூக்கி விட்டுடணும், முடியலன்னா பெரிய சைஸ் ஒயரா மாத்தணும், அது லைசென்ஸ் வெச்ச எலக்ட்ரீஷியன் வேல, பெயிண்ட் அடிக்கறவர் வேல இல்ல. தெர்மோகோல் மட்டும் ஒயர தொடவே கூடாது, பிவிசியில இருக்கற எண்ணெய் தன்மைய இழுத்துடும், ஒயர் மேல்தோல் மொறமொறன்னு ஆகி வெடிக்கும். டிபி பாக்ஸ் (மெயின் ஸ்விட்ச் இருக்கற பெட்டி) மேல பேனல் ஒட்டி அழகா மறைக்கறாங்க, அது வேண்டாம், சுத்தி ஒரு அடி சும்மா விடுங்க. பழைய டெரஸ் வீடா இருந்தா மேல எலி இருக்கான்னும் பாருங்க, எலி கடிச்ச ஒயரும் காஞ்ச பேப்பரும் பக்கத்துல பக்கத்துல இருக்கக்கூடாது.

சாமி மேடை. இத நம்ம ஆளுங்களுக்குன்னே தனியா சொல்லணும். ஹால்ல டிவி சுவர் முழுக்க ஃபெல்ட் பேனல் அடிச்சுட்டு அதே சுவர்ல சாமி அலமாரி வைக்கறாங்க, உள்ள குத்துவிளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழம சாம்பிராணி, கார்த்திகைக்கு வரிசையா அகல் விளக்கு. விளக்குல தீ நாக்கு சின்னதுதான், ஆனா அதுக்கு மேல ஏறற சூடு ஒரு முழம் தாண்டியும் இருக்கும், கைய நீட்டிப் பாத்தா தெரியும். சாமி அலமாரிக்கு பின்னாடியும் மேலயும் எரியாத பொருள்தான் இருக்கணும், டைல்ஸ், கல், இல்லன்னா சும்மா சிமெண்ட் சுவர். பேனல் அங்கேருந்து பக்கவாட்டுல குறைஞ்சது ஒரு மீட்டர் தள்ளி ஆரம்பிக்கட்டும். தீபாவளிக்கு பசங்க மத்தாப்ப வாசல்ல கொளுத்தறப்போ பேனல் ஒட்டின ரூம் சன்னல சாத்தி வைங்க.

கிச்சன்ல எந்த ஒட்டு பேனலும் வேண்டாம், தாளிக்கற எண்ணெய் ஆவி அதுல ஏறி படிஞ்சுடும், மருந்து இருந்தாலும் எண்ணெய் எரியும். ஸ்கூட்டர், பேட்டரி சைக்கிள் சார்ஜ் போடற எடத்துலயும் வேண்டாம், லித்தியம் பேட்டரி வெடிச்சா வர்ற தீ எந்த கிளாஸ் பேனலயும் பாக்காது, யூஎல் 2272ங்கற பாதுகாப்புச் சான்று இருக்கற ஸ்கூட்டரா இருந்தாலும் முழிச்சிருக்கறப்போ சார்ஜ் போடுங்க. பாம்ப் ஷெல்டர (வீட்டுக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு அறைய) பாட்டு ரூமா மாத்தலாம்னு நெனைக்கறவங்க, அதுக்குள்ள என்ன ஒட்டலாம், எங்க ஓட்டை போடலாம்னு தனி விதி இருக்கு, முதல்ல அத படிங்க. வாசக் கதவு ஃபயர் டோரா இருந்தா அதுல ஓட்டை போட்டு ஃபோம் அடிக்காதீங்க, கதவோட வேலையே கெட்டுடும்.

வேல நடக்கறப்போ

எரியக்கூடிய இன்சுலேஷன் எதுவா இருந்தாலும் அத தெறந்து விடாம முன்னாடி ஜிப்சம் போர்டு அடிச்சு மூடுங்க, 12.5 மிமீ போர்டு. ஜிப்சத்தோட எடையில அஞ்சுல ஒரு பங்கு அதுக்குள்ள கட்டுண்டு இருக்கற தண்ணிதான், தீ பட்டா அந்தத் தண்ணி ஆவியா போற வரைக்கும் பின்னாடி சூடு ஏறாது, நீங்க புள்ளைங்கள எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போக அந்த நேரம்தான் உதவும். போர்டு ஜாயிண்ட்டெல்லாம் பேஸ்ட் போட்டு அடைச்சிருக்கணும், ஸ்விட்ச் பாக்ஸ் வெட்டின எடத்துல இடுக்கு விட்டா அந்த வழியாவே தீ உள்ள போகும். சத்தத்துக்காக ஒட்டற ஃபெல்ட் பேனல மூட முடியாது, மூடினா வேல செய்யாது, அதனாலதான் அத ஒரு சுவரோட நிறுத்துங்க, நாலு சுவரும் சீலிங்கும் சேத்து ஒட்டாதீங்க, கதவ ஒட்டி சுத்தி இருக்கற எடத்த காலியா விடுங்க, வெளிய ஓடற வழி அதுதானே.

கான்டிராக்டர் வெல்டிங், கட்டிங் பண்றப்போ இன்சுலேஷன் ரோல் அதே ரூம்ல இருக்கக்கூடாது. கிரைண்டர் பொறி ஒண்ணு பஞ்சுக்குள்ள போனா சாயங்காலம் எல்லாரும் போனப்பறம்தான் புகைய ஆரம்பிக்கும். அதனால சூடான வேலை முதல்ல, இன்சுலேஷன் கடைசியில. 1991க்கு முன்னாடி கட்டின வீடுன்னா பழைய சீலிங் போர்ட உடைக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு செக் பண்ண வைங்க. எச்டிபி வீட்டுல எந்த வேலைக்கு பர்மிட் வேணும்னு எச்டிபி வெப்சைட்ல போட்டிருக்காங்க, பட்டியல்ல இருக்கற கான்டிராக்டர்தான் செய்யணும்.

புகை அலாரம் வைக்காம இந்த வேலையே தொடங்காதீங்க. 2018 ஜூன் 1லேருந்து புது வீட்டுக்கெல்லாம் இது கட்டாயம், பழைய ஃபிளாட்ல நெறைய பேர் இன்னும் வைக்கல. பத்து வருஷ பேட்டரியோட வர்றது கெடைக்குது, ஒயரிங் வேண்டாம், ஸ்க்ரூ ரெண்டு போதும். ஹால் சீலிங் நடுவுல ஒண்ணு, இன்சுலேஷன் போட்ட ரூம்ல ஒண்ணு, மாசம் ஒரு தடவ பட்டன அமுக்கிப் பாக்கணும். இன்சுலேஷன் போட்ட ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கினா ஹால் அலாரம் சத்தம் கம்மியாத்தான் கேக்கும், சத்தத்த தடுக்கத்தானே போட்டிருக்கோம், அதனாலதான் உள்ளயும் ஒண்ணு வேணும்ங்கறேன்.

கருகின வாசன வந்தா

பேப்பர் கருகற வாசன வருது ஆனா எங்கன்னு தெரியல, சீலிங்ல லைட்ட சுத்தி லேசா பழுப்பு வட்டம் தெரியுது, சுவர் ஒரு எடத்துல மட்டும் கைக்கு சூடா இருக்கு, இதுல எது இருந்தாலும் மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் வெளிய வாங்க, கதவ சாத்துங்க, 995க்கு அடிங்க. பாட்டி தாத்தா வீட்டுல இருந்தா அவங்கள முதல்ல. சீலிங்க நீங்களா பிரிச்சுப் பாக்காதீங்க, பிரிச்சா காத்து உள்ள போயி புகைஞ்சுட்டு இருந்தது தீயா எழும்பும். வெளிய தெரியற சின்ன தீன்னா வீட்டு எக்ஸ்டிங்குவிஷர் உபயோகமா இருக்கும், ஆனா பவுடர் அடிச்சு தீ அடங்கிட்டாலும் செல்லுலோஸுக்கும் துணி மெத்தைக்கும் அது முடிவு இல்ல, உள்ள புகைஞ்சுட்டே இருந்து ரொம்ப நேரம் கழிச்சு திரும்ப பத்திக்கும். தீ அணைஞ்சிடுச்சு, வர வேண்டாம்னு சொல்லாதீங்க, அவங்க வந்து பிரிச்சு, நனைச்சு, தெர்மல் கேமரா வெச்சு சூடு இருக்கான்னு பாக்கட்டும்.

அவங்க வந்ததும் முதல்ல சொல்ல வேண்டியது சீலிங்க்குள்ளயும் சுவருக்குள்ளயும் என்ன பொருள் இருக்கு, எந்தெந்த ரூம்லன்னு. அதுக்காகவே லேபிள், டெஸ்ட் ரிப்போர்ட், போர்டு மூடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, இந்த மூணையும் போன்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வீட்டுல இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, நாளைக்கு வீட்ட வித்தாலோ வாடகைக்கு விட்டாலோ வர்றவங்ககிட்டயும் அத குடுத்துடுங்க.